வெள்ளி ஒரு காலத்துல வழி தவறி வந்துச்சா? பழைய வானப் பதிவுகள் பத்தி ஒரு விவாதம்

விண்ணோடி எழுதியது:

இமானுவேல் வெலிகோவ்ஸ்கி பேரு இங்க பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1895-ல ரஷ்யப் பேரரசுல பொறந்தவர், தொழில் மனநல மருத்துவம். 1950-ல "மோதும் உலகங்கள்"னு அர்த்தம் வர்ற ஒரு புத்தகம் போட்டாரு. அதுல அவர் சொன்னது இதுதான்: வெள்ளிக் கோள் ஆரம்பத்துலேர்ந்தே இப்ப இருக்கற இடத்துல இல்ல, வியாழன்லேர்ந்து பிச்சுக்கிட்டு வால்நட்சத்திரம் மாதிரி வெளிய வந்துச்சு, கி.மு. 1500 வாக்குல பூமிய ஒட்டி போச்சு, 52 வருஷம் கழிச்சு திரும்பவும் வந்துச்சு, அப்புறம் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுல செவ்வாயும் பூமிக்குக் கிட்ட வந்து ஆட்டம் காட்டுச்சு, கி.மு. 687-ல தான் எல்லாம் அடங்குச்சு.

இதக் கேட்டதும் சிரிக்கற ஆளுங்க இருக்காங்க, எனக்குச் சிரிப்பு வரல. மூணு காரணம் சொல்றேன். வெள்ளி பயங்கர சூடா இருக்கும்னு அவர் 1950-லயே எழுதுனாரு, பின்னாடி பாத்தா தரையில 460 டிகிரிக்கு மேல. வியாழன் ரேடியோ அலை விடும்னு 1953-ல ஒரு உரையில சொன்னாரு, 1955-ல அத நெஜமாவே கண்டுபிடிச்சாங்க. ரெண்டு இயற்பியல், வானியல் பேராசிரியர்களே 1962-ல "இத முன்னாடியே சொன்னது இவர்தான், ஒத்துக்கங்க"ன்னு சயன்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதுனாங்க.

ரெண்டாவது, அவர நடத்துன விதம். புத்தகம் போட்ட மேக்மில்லன் கம்பெனிக்கு பேராசிரியர்கள் அழுத்தம் குடுத்து, நல்லா வித்துக்கிட்டிருந்த புத்தகத்த ரெண்டு மூணு மாசத்துல டபுள்டேங்கற வேற பதிப்பகத்துக்குத் தள்ளிவிட வச்சாங்க. கருத்து தப்புன்னா மறுத்து எழுதலாமே, புத்தகத்தயே ஏன் நிறுத்தணும்?

மூணாவது தான் எனக்கு முக்கியம். மாயா மக்கள் வெள்ளி கிழக்குல திரும்ப உதிக்கற நாள ஆபத்தான நாளா நெனச்சு நடுங்குனாங்க. சூரியன் தன் இடத்துலேர்ந்து நாலு தடவ மாறுச்சு, ரெண்டு தடவ மறையற பக்கத்துல உதிச்சதுன்னு எகிப்துப் பூசாரிங்க சொன்னதா பழைய கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்காரு. நம்ம புறநானூறு 35-லயும் "அலங்குகதிர்க் கனலி நால்வயின் தோன்றினும், இலங்குகதிர் வெள்ளி தென்புலம் படரினும்"னு வருது. சூரியன் நாலு பக்கமும் தோணுறது, வெள்ளி தெக்க போறது, ரெண்டும் அடுத்தடுத்த வரியில! இத்தன தூரம் தள்ளி இருந்த மக்கள் ஒண்ணும் பாக்காமயா இதச் சொன்னாங்க? அறிஞ்சவங்க பதில் சொல்லுங்க, கிண்டல் மட்டும் வேணாம்.

---

செம்மீன் எழுதியது:

சகோ, கிண்டல் பண்ண ஒண்ணும் இல்ல, நல்ல கேள்விதான். புறநானூறு பத்தி மட்டும் நான் சொல்றேன், மத்தத தெரிஞ்சவங்க பேசட்டும்.

அந்த வரிகள்ல நீங்க பாக்காம விட்டது கடைசி எழுத்துங்க. "தோன்றினும்", "படரினும்". அந்த "-இனும்" என்ன வேல செய்யுதுன்னு பாருங்க. இது நடந்தாலும் அது நடந்தாலும் காவிரி வத்தாதுன்னு சொல்ற வாக்கியம் அது. நடக்கவே நடக்காத ஒண்ணயும் வெக்கலாம், அப்பப்ப நடக்கற ஒண்ணயும் வெக்கலாம், ரெண்டுக்கும் எடம் குடுக்கற உருபு. சூரியன் நாலு திசையில உதிக்கறதுங்கறது நடக்காததோட எல்லை. வெள்ளி தெக்க போறது அப்படி இல்ல, அது நெஜமாவே நடக்கும், நீங்களே பாக்கலாம். சில பருவத்துல வெள்ளி மறையற எடம் நேர் மேற்குலேர்ந்து நல்லாவே தெக்க தள்ளி இருக்கும், சில பருவத்துல வடக்க தள்ளி இருக்கும், சூரியன் போற எல்லையயும் கொஞ்சம் தாண்டிக் கூட போகும். அது தெக்க சாஞ்சா மழை பொய்க்கும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. பட்டினப்பாலையிலயும் "திசை திரிந்து தெற்கு ஏகினும்"னு அதே வெள்ளியச் சொல்லி, வானம் பொய்ச்சாலும் காவிரி பொய்க்காதுன்னு வரும்.

அதாவது இங்க இருக்கறது மழைக்குறி. ஒரு கோள் பாதை மாறி பூமிய இடிச்ச ஞாபகம் இல்ல. அப்படி ஒரு ஞாபகம் இருந்திருந்தா இவ்வளவு சாதாரணமா, காவிரியப் புகழறதுக்கு ஒரு ஒப்பீடா பயன்படுத்தியிருக்க மாட்டாங்கன்னு நான் உறுதியா நம்புறேன்.

---

களிமண்பலகை எழுதியது:

நல்ல இழை. நான் பாபிலோன் பக்கம் பேசுறேன், ஏன்னா வெள்ளி விஷயத்துல அதவிட பழைய, விவரமான சாட்சி கெடையாது.

அம்மிசாதுகான்னு ஒரு ராஜா, ஹம்முராபிக்கு அப்புறம் நாலாவதா வந்தவர். அவர் காலத்துல 21 வருஷம் வெள்ளி எந்த மாசம் எந்த தேதி மேற்குல மறைஞ்சுது, எத்தன நாள் காணாம இருந்துச்சு, எப்ப கிழக்குல திரும்ப தெரிஞ்சுதுன்னு குறிச்சு வச்சிருக்காங்க. நமக்குக் கெடச்சிருக்கறது பிற்காலத்துப் பிரதிகள், நினிவேயில அசூர்பனிபால் நூலகத்துல இருந்தது, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. சகுனப் பலன் சொல்ற பெரிய தொகுப்புல 63-வது பலகை. நடுவுல ஒரு வருஷத்துக்கு "தங்க சிம்மாசன வருஷம்"னு பேரு இருந்தத வச்சு அது அம்மிசாதுகாவோட 8-வது வருஷம்னு 1912-ல குக்லர் புடிச்சாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெள்ளிக்கு 584 நாள்ல ஒரு சுத்து முடியும், அதாவது சூரியனயும் நம்மளயும் பொறுத்து அதே நெலைக்கு வர 583.92 நாள். அஞ்சு சுத்து போட்டா 2,919.6 நாள், எட்டு வருஷத்த விட கிட்டத்தட்ட ரெண்டரை நாள் கம்மி. அதனால எட்டு வருஷத்துக்கு ஒருக்கா வெள்ளி அதே தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி அதே எடத்துல நிக்கும். சூரியனுக்கு முன்னாடி வெள்ளி கடந்து போனத 2004 ஜூன் 8 பாத்தவங்க 2012 ஜூன் 6 திரும்பவும் பாத்தது இதனாலதான். அந்தப் பலகையில இருக்கற பதிவுகளும் இதே எட்டு வருஷக் கணக்குலதான் ஓடுது! அதனாலதான் அந்த ராஜா எப்ப பட்டத்துக்கு வந்தாருன்னு சொல்ற மூணு கணக்கு, கி.மு. 1702, 1646, 1582, இதுக்குள்ள வித்தியாசம் 56 வருஷமும் 64 வருஷமும். ரெண்டும் எட்டோட மடங்கு. வெள்ளி அவ்வளவு ஒழுங்கா திரும்பத் திரும்ப அதே ஆட்டத்த ஆடுறதால, எந்த சுத்துன்னு முடிவு பண்ண முடியாம அறிஞர்கள் இன்னிக்கும் அடிச்சிக்கறாங்க.

இதுல எந்தக் கணக்க எடுத்தாலும் அது 1500-க்கு முன்னாடி. வெலிகோவ்ஸ்கி சொல்ற மோதலுக்கு முன்னாடியே வெள்ளி இப்ப இருக்கற சுத்துலயே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

---

காரிக்கோள் எழுதியது:

எல்லாரும் வெள்ளியவே பேசுறீங்க, சனிய விட்டுட்டீங்க. 1980-ல டேவிட் டால்பாட் எழுதுனதப் படிச்சவங்க இருந்தா கை தூக்குங்க. அவர் சொல்றது என்னன்னா, மனுஷங்க ஞாபகத்துலயே சனி பூமியோட வட துருவத்துக்கு நேர் மேல அசையாம பிரம்மாண்டமா நின்னுச்சு, நடுவுல வெள்ளியும் செவ்வாயும் ஒரே கோட்டுல. அதுதான் பொற்காலம். அது கலைஞ்சப்ப தான் பிரளயக் கதைங்க எல்லாம்.

பாபிலோன்காரங்க சனிய சூரியனோட நட்சத்திரம்னு தான் சொன்னாங்க, களிமண்பலகை இத மறுக்க மாட்டாருன்னு நெனக்கிறேன். நம்ம புராணத்துல சனி சூரியனோட மகன். மங்கலா சின்னதா தெரியற ஒரு புள்ளிக்கு எதுக்குய்யா இவ்வளவு பயம், இவ்வளவு மரியாதை? ஒரு கோள் கண்ணுக்கு அவ்வளவு சின்னதா இருந்தா அத யாராவது காலத்தோட கடவுளா ஆக்குவாங்களா? உலகம் பூரா பாறைகள்ல கீறி வச்சிருக்கற சக்கரம், ஏணி, கைய விரிச்ச மனுஷ உருவம் எல்லாம் மின்பொறி பிளாஸ்மா வடிவம் மாதிரியே இருக்குன்னு பெரட்னு ஒரு பிளாஸ்மா இயற்பியலாளர் 2003-ல கட்டுரையே எழுதுனாரு. செவ்வாய்ல 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு கெடக்கே, வெட்டுக்காயம் மாதிரி, அது தண்ணி அறுத்ததா? எனக்கு அது கோளுக்குக் கோள் பாஞ்ச மின்னல் மாதிரி தான் தெரியுது.

---

இயக்கவிதி எழுதியது:

விண்ணோடி சொன்ன ரெண்டாவது காரணத்துல நான் அவர் பக்கம். பதிப்பாளரை மெரட்டுனது அசிங்கம், எந்த நியாயமும் இல்ல. ஆனா "பதிலே சொல்லல"ங்கறது சரியில்ல. 1974-ல சான் பிரான்சிஸ்கோவுல அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் கூட்டம் போட்டு அவரையே மேடைக்குக் கூப்பிட்டாங்க, வானியலாளர் கார்ல் சேகன் எதிர்ல உக்காந்து ஒவ்வொண்ணா பேசுனாரு.

சூடு விஷயம். அவர் எத்தன டிகிரின்னு எண் சொல்லல. கரியமில வாயு வெப்பத்த அடைச்சு வெக்கறதால வெள்ளி சூடா இருக்கணும்னு ரூபர்ட் வில்ட் 1940-லயே எழுதிட்டாரு, பத்து வருஷம் முன்னாடி. அத விட, காரணம் முக்கியம் இல்லையா? வெலிகோவ்ஸ்கி சொன்ன காரணம் அது புதுசா பொறந்து இன்னும் ஆறல. அப்படின்னா வெள்ளி சூரியன்கிட்ட வாங்கறத விட அதிகமா வெப்பத்த வெளிய விடணும். அளந்து பாத்தா வாங்கறதும் விடறதும் சரிக்குச் சரியா இருக்கு. நம்ம காத்தழுத்தத்த விட 90 மடங்குக்கு மேல கனமா ஒரு கரியமில வாயுப் போர்வை போத்திக்கிட்டு இருக்கு, அதான் சூடு. மேகத்துல அவர் சொன்ன ஹைட்ரோகார்பன் இல்ல, கந்தக அமிலம்.

அடுத்தது பாதை. வியாழன விட்டு வெளிய வரணும்னா நொடிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வேணும். அப்படி எறியப்பட்ட ஒண்ணு நீள்வட்டமா அலையும். ஆனா வெள்ளியோட பாதை எட்டு கோள்லயும் வட்டத்துக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கறது, மையப்பிறழ்ச்சி, அதாவது வட்டத்துலேர்ந்து எவ்வளவு விலகுதுன்னு சொல்ற எண், 0.007 தான். 3,500 வருஷத்துல அத இப்படி வட்டமாக்க எந்த விசையும் கெடையாது. இன்னொண்ணு, 1990-கள்ல மெகல்லன் விண்கலம் ரேடார்ல படம் எடுத்தப்ப வெள்ளி மேல ஆயிரத்துக்குக் கிட்ட விண்கல் பள்ளம் எண்ணுனாங்க. அந்தக் கனமான காத்த தாண்டி தரைக்கு வர்றது பெரிய கல்லுங்க மட்டும் தான், அது அரிதா விழும், ஆயிரம் சேர கோடிக்கணக்கான வருஷம் ஆகும். அந்தத் தரைக்கு வயசு 30 கோடிலேர்ந்து 70 கோடி வருஷம்னு கணக்கு வருது. 3,500 வருஷக் குழந்தைக்கு இத்தன தழும்பு வராதுங்க.

காரிக்கோள், செவ்வாய் பள்ளத்தாக்கு தண்ணி அறுத்தது இல்லன்னு நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான், ஆனா மின்னலும் இல்ல. செவ்வாயோட தார்சிஸ்ங்கற பெரிய மேடு எழும்பினப்ப பக்கத்துத் தரை இழுபட்டு விரிசல் விட்டது, அப்புறம் ஓரம் சரிஞ்சு சரிஞ்சு அகலமாச்சு. சரிவு விழுந்த மண் குவியல் அடியில இன்னிக்கும் கெடக்கு.

---

விண்ணோடி எழுதியது:

செம்மீன் சொன்ன "-இனும்" விளக்கம் எனக்குப் புதுசு, ஒத்துக்கறேன். ரெண்டு வரியயும் ஒண்ணா கட்டுனது என் அவசரம்.

ஆனா களிமண்பலகை ஒரு விஷயத்த விட்டுட்டாரு. அந்தப் பலகையில எல்லாப் பதிவும் ஒழுங்கா இல்ல. சில எடத்துல நாள் கணக்கு இன்னிய வெள்ளிக்குப் பொருந்தவே பொருந்தாது. அத எழுத்துப் பிழைன்னு தள்ளிட்டு மிச்சத்த மட்டும் வச்சுக்கிட்டு "பாத்தீங்களா ஒழுங்கா இருக்கு"ன்னு சொல்றது நியாயமா? பாத்தவன் பாத்தத தானே எழுதுவான், நமக்குப் புடிக்காதத மட்டும் பிழைன்னு சொல்ல நாம யாரு? அப்புறம் மாயாக்காரங்க 52 வருஷத்துக்கு ஒரு தடவ காலம் திரும்புதுன்னு வச்சாங்களே, வெலிகோவ்ஸ்கியோட 52 அது தானே, அது எப்படி தற்செயலா பொருந்தும்?

---

களிமண்பலகை எழுதியது:

நியாயமான கேள்வி, இதுக்கு நான் பொறுமையா பதில் சொல்லணும்.

பிழை பத்தி. நம்ம கையில இருக்கற பிரதிங்க மூலத்துக்கு ஆயிரம் வருஷம் போல பின்னாடி எழுதுனது. நம்ம ஓலைச்சுவடியில ஒரே பாட்டுக்கு எத்தன பாடபேதம் வருது, அதே கதை தான். இங்க ஒரு நல்ல வசதி இருக்கு, ஒரே பதிவு பல பிரதியில கெடைக்குது, ஒண்ணுல ஒரு எண், இன்னொண்ணுல வேற எண். வானத்துல ரெண்டும் நடந்திருக்க முடியாதுல்ல, எழுதுனவன் கை தான் தப்பு பண்ணியிருக்கு. அதுபோக, கோள் நெஜமாவே தாறுமாறா போயிருந்தா கெட்ட பதிவு மட்டும் இல்ல, நல்ல பதிவும் பொருந்தக்கூடாது. பாதிக்கு மேல இன்னிய கணக்கோட ஒத்துப்போற ஒரு பட்டியல தாறுமாறான கோள் உண்டாக்க முடியாது.

52 பத்தி. மாயாக்காரங்ககிட்ட ரெண்டு நாள்காட்டி, ஒண்ணு 365 நாள், இன்னொண்ணு 260 நாள். ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா திரும்ப ஒண்ணா சேர எத்தன நாள் ஆகும்? 18,980. 365-ஆல வகுத்துப் பாருங்க, 52. 260-ஆல வகுத்தா 73. அவ்வளவுதான், வெறும் மீச்சிறு பொதுமடங்கு. வெள்ளி இல்லாத உலகமா இருந்தாலும் அந்த 52 வந்திருக்கும். வெள்ளியயும் சேத்துக்கிட்டா இன்னும் அழகு, டிரெஸ்டன் சுவடிங்கற மாயா நூல்ல வெள்ளியோட 65 சுத்த போட்டிருக்காங்க, 65 பெருக்கல் 584, 37,960 நாள், சரியா 52-ஓட ரெண்டு மடங்கு, 104 வருஷம். அந்தச் சுவடியிலயே ஒரு சுத்த 236, 90, 250, 8-னு நாலா பிரிச்சிருக்காங்க. கடைசி 8 நாள் தான் வெள்ளி சூரியன் முன்னாடி போய் காணாம இருக்கற நாள். பயந்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா எப்ப வரும்னு நாள் எண்ணி வச்சிருந்து பயந்தாங்க. ஒழுங்கு தவறிய கோள நாள் எண்ண முடியுமா சொல்லுங்க.

அப்புறம் கி.மு. 687. இதுதான் எனக்கு ரொம்ப வலுவா படுது. பாபிலோன்ல கி.மு. 721 மார்ச் 19 ராத்திரி ஒரு சந்திர கிரகணம், 720-ல ரெண்டு, மூணையும் நேரத்தோட பழைய வானியலாளர் டாலமி தன்னோட அல்மஜெஸ்ட்ங்கற நூல்ல எடுத்துப் போட்டிருக்காரு. மூணும் இன்னிக்கு நாம போடற கணக்கோட பொருந்துது. 687-ல செவ்வாய் வந்து பூமிய ஒரு உலுக்கு உலுக்கி அச்சையும் நாளோட நீளத்தயும் மாத்தியிருந்தா, அதுக்கு 34 வருஷம் முன்னாடி நடந்த கிரகணம் எப்படி இன்னிய கணக்குக்குள்ள வந்து உக்காரும்?

---

தேடல்99 எழுதியது:

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். நிபிருங்கற கோள் பத்தி யாரும் பேசலையே, 3,600 வருஷத்துக்கு ஒரு தடவ வரும்னு சிட்சின்ங்கற எழுத்தாளர் சொன்னது? இன்னொண்ணு, சிரியஸ் விண்மீன் முன்னாடி சிவப்பா இருந்துச்சுன்னு டாலமியே எழுதியிருக்காராமே, அது உண்மையா?

---

இயக்கவிதி எழுதியது:

தேடல்99, தாராளமா கேளுங்க.

நிபிருவுக்கு, சுத்தற காலத்தயும் சூரியன்லேர்ந்து தூரத்தயும் இணைக்கற கெப்ளரோட மூணாவது விதி போதும். 3,600 வருஷத்துல ஒரு சுத்துன்னா சராசரி தூரம் பூமி-சூரியன் தூரத்த போல 235 மடங்கு. அவ்வளவு நீளமான பாதையில ஒரு பெரிய கோள் சிறுகோள் பட்டை வரைக்கும் உள்ள வந்து போகுதுன்னு வச்சா, சூரியக் குடும்பத்துக்கு வயசு சுமார் 460 கோடி வருஷம், பன்னெண்டு லட்சம் தடவைக்கு மேல வந்து போயிருக்கணும். செவ்வாயும் பூமியும் இப்ப இருக்கற மாதிரி சாதுவா சுத்திக்கிட்டு இருக்காது. பாபிலோன் பலகைகள்ல நிபிருங்கற பேரு வருது, ஆனா அது மார்டுக் கடவுளோட நட்சத்திரமான வியாழனுக்குச் சொல்ற பேரு.

சிரியஸ் கேள்வி இத விட நல்ல கேள்வி. டாலமி அதச் செந்நிறம்னு பட்டியல்ல போட்டது உண்மை, ரோம எழுத்தாளர் செனகா செவ்வாய விட சிவப்புன்னே எழுதுனாரு. ஆனா சீன வரலாற்றாளர் சிமா சியான், அவங்களுக்கு முன்னாடியே, வெள்ளை நிறத்துக்கு உதாரணம் சொல்லும்போது சிரியஸத்தான் சொல்றாரு. அதோட துணை விண்மீன் செம்பெரும் நிலைய முடிச்சு வெண்குறுமீனா சுருங்குனது 12 கோடி வருஷம் முன்னாடி, ரெண்டாயிரம் வருஷத்துல அது நடந்திருக்க வழியில்ல. அடிவானத்துல அது உதிக்கறப்ப பாருங்க, சிவப்பும் நீலமுமா துடிக்கும். அந்த உதயத்தத்தான் அவங்க கவனிச்சாங்க.

---

செம்மீன் எழுதியது:

காரிக்கோள், உங்க கேள்வி நெஞ்ச தொட்டுச்சு, மங்கலான ஒரு புள்ளிக்கு எதுக்கு இவ்வளவு பயம்னு கேட்டீங்கல்ல. பேருலயே பதில் இருக்குன்னு நெனக்கிறேன். சனைச்சரன்னா மெதுவா போறவன். மந்தன்னாலும் அதேதான். பேரு வச்சவன் கண்ணுக்கு அது அசையாம நின்ன பொருளா தெரியல, எல்லாத்தையும் விட மெதுவா நகர்ற பொருளா தெரிஞ்சிருக்கு. ஏழரைச் சனியோட கணக்கப் பாருங்க, ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம், மூணு ராசி. பன்னெண்டு ராசிக்கு 30 வருஷம். தொலைநோக்கி வச்சு அளந்தா 29 அரை. இவ்வளவு கிட்டத்துல புடிக்கணும்னா ஒருத்தன் ஆயுசு பத்தாது, அப்பன் பாத்தத புள்ளைக்குச் சொல்லி, புள்ள பேரனுக்குச் சொல்லியிருக்கணும். ஒரு மனுஷன் வாழ்க்கையில ரெண்டு இல்ல மூணு தடவ தான் அது சுத்தி முடிக்கும். அதக் காலத்துக்குக் கடவுளா ஆக்குனதுக்கு அது பெருசா இருக்க வேண்டியதில்ல, மெதுவா இருந்தா போதும்.

---

காரிக்கோள் எழுதியது:

செம்மீன் அக்கா, அந்த ரெண்டரை வருஷக் கணக்கு எனக்குத் தெரியும், ஆனா இந்தப் பக்கத்துலேர்ந்து நான் பாத்ததில்ல. யோசிக்கிறேன். இருந்தாலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்துது, அத சொல்லிடறேன். நாங்க "கோள்கள் மோதுச்சு, இடம் மாறுச்சு"ன்னு சொன்னப்ப பைத்தியம்னாங்க. இன்னிக்கு அவங்களே சந்திரன் ஒரு மோதல்ல உண்டாச்சுன்னு பாடப்புத்தகத்துல போடறாங்க. வியாழனும் சனியும் இடம் பெயர்ந்துச்சுன்னு 2005-ல பிரான்ஸோட நீஸ் நகரத்து ஆய்வாளருங்க ஒரு கணக்கீட்டு மாதிரியே (மாடல்) போட்டாங்க. அப்ப ஒழுங்கா கடிகாரம் மாதிரி ஓடுதுன்னு சொன்னது தானே தப்பாச்சு? அதுக்கு எங்களுக்கு எப்பவாவது ஒரு அங்கீகாரம் கெடச்சுதா?

---

இயக்கவிதி எழுதியது:

காரிக்கோள், இத நீங்க கேட்டது எனக்கு சந்தோஷம், ஏன்னா இந்த இழையில இதுதான் முக்கியமான கேள்வின்னு தோணுது.

ஆமா, சூரியக் குடும்பத்துக்கு முரட்டுத்தனமான இளமை இருந்துச்சு. செவ்வாய் அளவு ஒரு கோள், தியான்னு பேரு வச்சிருக்காங்க, 450 கோடி வருஷம் முன்னாடி பூமிய மோதி தெறிச்ச குழம்புலேர்ந்து சந்திரன் சேந்துச்சுங்கறது தான் இப்ப பெரும்பாலானவங்க ஏத்துக்கற விளக்கம். நீஸ் மாதிரியில சனி, யுரேனஸ், நெப்டியூன் மூணும் வெளிய நகருது, சில கணக்கீட்டுல யுரேனஸும் நெப்டியூனும் வரிசையே மாறிடுது. எதிர்காலமும் உறுதி இல்ல, லாஸ்கர், காஸ்டினோன்னு ரெண்டு ஆய்வாளருங்க 2009-ல 2,501 தடவ கணினியில ஓட்டிப் பாத்ததுல நூத்துக்கு ஒண்ணு போல புதனோட பாதை ரொம்ப நீண்டு கெட்டுப்போகுது, ஒரு ஓட்டத்துல 330 கோடி வருஷம் கழிச்சு உள் கோள்கள் எல்லாம் கலைஞ்சு மோதற அளவுக்குப் போகுது. கடிகாரம்னு நெனச்சவங்க தோத்தது உண்மை.

ஆனா அவங்கள தோக்கடிச்சது எது? அப்பல்லோ பயணங்கள் சந்திரன்லேர்ந்து கொண்டுவந்த கல்லுல ஆக்சிஜன் ஐசோடோப் அளவு பூமியோட ஒத்துப்போனது. நெப்டியூனுக்கு வெளிய இருக்கற கைப்பர் பட்டையில புளூட்டோ மாதிரி பொருளுங்க நெப்டியூனோட தாளத்துக்கு மாட்டிக்கிட்டு நிக்கறது. மோதல் நடந்தா அது எங்கயாவது தழும்பு விட்டே தீரும், அந்தத் தழும்பப் படிச்சு தான் எப்ப நடந்துச்சுன்னு சொல்றாங்க. 3,500 வருஷம் முன்னாடி நடந்திருந்தா தழும்பு இன்னும் பச்சையா இருக்கணும். கிரீன்லாந்து பனிய துளை போட்டு வருஷம் வருஷமா அடுக்கு எண்ணலாம், எரிமலை வெடிச்ச சாம்பல், அமிலம் கூட அதுல தெரியுது, ஒரு கோள் உரசிப் போன தூசி இல்ல. ஐரோப்பாவுல மரவளையத்த ஒண்ணோட ஒண்ணு பொருத்தி 12,000 வருஷத்துக்கும் மேல தொடர்ச்சியா போயிருக்காங்க, ஒவ்வொரு வருஷமும் கோடையும் குளிரும் வந்திருக்கு. சனி தலைக்கு மேல நின்ன காலத்துக்கு அந்த வளையத்துல எடம் இல்ல.

சந்தேகப்பட்ட உங்க மனச நான் தப்பு சொல்லவே மாட்டேன். உங்க கணக்கு தப்பினது காலத்துல, அதுவும் லட்சக்கணக்கான மடங்கு.

---

களிமண்பலகை எழுதியது:

இதோட ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா பழைய பதிவுங்க வெறும் மறுப்புக்கு மட்டும்னு யாரும் நெனச்சுடக்கூடாது. கி.மு. 136 ஏப்ரல் 15 காலையில பாபிலோன்ல முழு சூரிய கிரகணம், வெள்ளி, புதன் எல்லாம் பகல்லயே தெரிஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்காங்க. பூமி இன்னிக்கு சுத்தற வேகத்துலயே அன்னிக்கும் சுத்துச்சுன்னு வச்சு கணக்கு போட்டா அந்த நெழல் பாபிலோன்ல விழாது, ரொம்ப தூரம் மேற்க தள்ளி விழும். அது பாபிலோன்ல விழணும்னா பூமியோட கடிகாரத்துல மூணு மணி நேரத்துக்கும் மேல வித்தியாசம் இருக்கணும். அதாவது பூமி மெதுவாகிட்டே வருது. நூறு வருஷத்துக்கு ஒரு நாளோட நீளம் 1.8 மில்லி செகண்ட் போல கூடுது. சந்திரன் கடல இழுக்கற உராய்வ மட்டும் வச்சா 2.3 வரணும், மிச்சம் எங்க போச்சுன்னு தேடுனா, பனியுகத்துல அமுங்கியிருந்த துருவப் பக்கத்துத் தரை இன்னும் மெல்ல எழும்பிக்கிட்டு இருக்கு, பூமியோட உருவம் மாறுது, அது சுழற்சிய கொஞ்சம் வேகப்படுத்துது. ஒரு எழுத்தன் களிமண்ல அழுத்துன நாலு வரி இத நமக்குச் சொல்லுது! அதே கதை பாறையிலயும் இருக்கு, 38 கோடி வருஷத்துக்கு முந்தின பவளத்துல நாள் வளையத்த எண்ணுன வெல்ஸ் 1963-ல வருஷத்துக்கு 400 நாள் போல இருந்துச்சுன்னு எழுதுனாரு.

இதுதான் எனக்குப் புல்லரிக்கற எடம். பழையவங்க சொன்னத அப்படியே நம்புனோம், அதனால தான் பூமி மாறுதுன்னு கண்டுபுடிச்சோம்.

---

விண்ணோடி எழுதியது:

ரெண்டு நாளா பதில் போடல, ஏன்னா நான் என்னோட பழைய நோட்ட தேடிக்கிட்டு இருந்தேன். வானம் பாக்கற பழக்கம் எனக்கு ரொம்ப வருஷமா உண்டு, பாத்தத தேதி போட்டு எழுதி வெப்பேன், ஆனா பழச எடுத்து திரும்பப் படிச்சதே கெடையாது.

2017 ஜனவரி 12 அன்னிக்கு எழுதியிருக்கேன், "சாயந்திரம் வெள்ளி ரொம்ப உசரம், சூரியன்லேர்ந்து அதிகபட்ச விலகல் இன்னிக்கு"ன்னு. அப்புறம் போன்ல போட்டு வச்ச குறிப்ப பாத்தேன், அடுத்து இதே மாதிரி ஜனவரியில வெள்ளி அவ்வளவு விலகி நின்னது 2025 ஜனவரி 10. எட்டு வருஷம், ரெண்டு நாள் கம்மி. களிமண்பலகை சொன்ன அதே ரெண்டு நாள். என் கையெழுத்துல அது இத்தன வருஷமா இருந்திருக்கு, நான் பாக்கல. அம்மிசாதுகாவோட ஆளுங்க அவங்க மாசக் கணக்குல குறிச்சதும் இதத்தானேன்னு கொஞ்ச நேரம் நோட்ட மூடாம உக்காந்திருந்தேன்.

வெலிகோவ்ஸ்கி விஷயத்துல 1500-உம் 687-உம் எனக்கு இனிமே நிக்கல, சொல்லிடறேன். அவர நடத்துன விதம் பத்தி என் கோவம் அப்படியே இருக்கு.

ஒண்ணு மட்டும் யாராவது விளக்குங்க. வெள்ளி ஏன் தன்னைத்தானே எதிர்ப்பக்கமா சுத்துது, அதுவும் 243 நாளுக்கு ஒரு சுத்துன்னு இவ்வளவு மெதுவா? பெரிய மோதலா, இல்ல அந்தக் கனமான காத்தே மெல்ல மெல்ல இழுத்துத் திருப்பிடுச்சா? நான் ரெண்டு விளக்கமும் படிச்சேன், காத்து விளக்கம் எனக்குச் சரியா புரியல. இயக்கவிதி, நேரம் இருந்தா அத மட்டும் கொஞ்சம் விரிவா எழுதுங்க.

---

இயக்கவிதி எழுதியது:

எழுதறேன், ராத்திரி உக்காந்து படம் போட்டு போடறேன். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் யோசிச்சு வைங்க: சூரியன் அந்தக் காத்த ஈர்ப்பால மட்டும் இழுக்கல, சூடாக்கியும் தள்ளுது. அதிகமா சூடாகற பக்கம் நடுப்பகலுக்கு நேரா இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தக் கொஞ்சத்துல தான் விஷயம் இருக்கு.